பணியிடம் எது என்பதை நியமனக் கடிதம் சொல்லட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் தம் ஊழியர்களை மீண்டும் அலுவலகத்துக்கு அழைப்பது இயல்பு நிலைக்குத் திரும்புவதே என்ற கருத்தில் தங்கள் நாளிதழில் அண்மையில் ஒரு கட்டுரை வெளிவந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்துகொண்டு, சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகம் உள்ள ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவில் பணியாற்றும் நான், அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். வீட்டிலிருந்து வேலை செய்வது மேலா, அலுவலகத்தில் செய்வது மேலா என்ற விவாதம் பெருந்தொற்றுக் காலத்திலிருந்தே நடந்துவருகிறது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் ஓர் ஊழியர் எந்த ஊரில் உட்கார்ந்து வேலை செய்யலாம் என்பதை ஒரு நிறுவனம் ஒரு மின்னஞ்சலில் கொடுத்து, அடுத்த மின்னஞ்சலில் திரும்ப எடுத்துக்கொள்ள முடிகிறது என்பதுதான் எங்களைப் போன்ற சிறு நகரத்துக் குடும்பங்களை அலைக்கழிக்கிறது. ஊதியமும் வேலை நேரமும் போலவே பணியிடமும் எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட வேண்டிய ஒரு பணி நிபந்தனை என்பதே என் வாதம்.

இந்தியாவில் 2020க்கு முன்பு வீட்டிலிருந்து வேலை செய்வது ஏன் அவ்வளவு அரிதாக இருந்தது என்பதை இன்றைய இளையவர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். நிறுவனங்களின் தயக்கம் மட்டும் அதற்குக் காரணமில்லை, விதிகளே இடங்கொடுக்கவில்லை. அழைப்பு மையங்களும் பிபிஓ நிறுவனங்களும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையிடம் 'பிற சேவை வழங்குநர்' என்ற வகையில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. அவற்றின் ஊழியர் ஒருவர் வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டுமென்றால் நிறுவனம் பிணைத்தொகை கட்ட வேண்டும். வீட்டுக்கும் மையத்துக்கும் இடையே துறை அனுமதிக்கும் வகையிலான விபிஎன் என்ற பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பு இருக்க வேண்டும். வேலை நடக்கும் இடம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். சிறுசேரி, சோழிங்கநல்லூர் போன்ற இடங்களில் உள்ள சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் இயங்கிய நிறுவனங்களுக்கு வேறொரு தடை இருந்தது. சுங்க வரியின்றித் தருவிக்கப்பட்ட கணினியை மண்டலத்தின் வாயிலைத் தாண்டி எடுத்துச் செல்ல முறையான அனுமதி வேண்டும். இவற்றுக்கு மேல், வங்கி, காப்பீடு, மருத்துவம் சார்ந்த வெளிநாட்டு வாடிக்கையாளர்கள், தங்கள் தரவைக் கையாளும் அறைக்குள் செல்பேசிகூட வரக்கூடாது என்ற அளவுக்குக் கெடுபிடியான நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தார்கள். இத்தனை சுவர்களுக்குள் இருந்த ஒரு தொழில், ஒரு சில வாரங்களில் நாடு முழுவதும் உள்ள வீடுகளுக்குப் பரவியது.

உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது 2020 மார்ச் 11 அன்று. அந்த மாத நடுவிலேயே தொலைத்தொடர்புத் துறை பிணைத்தொகையிலிருந்து விலக்கு அளித்து, வீட்டிலிருந்து பணி செய்வதற்கான விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. மார்ச் 22 அன்று மக்கள் ஊரடங்கு. மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு. இடைப்பட்ட நாள்களில் மடிக்கணினி இல்லாதவர்களுக்கு மேசைக் கணினியையும் திரையையும் அட்டைப் பெட்டியில் கட்டிக் கொடுத்தனுப்பிய நிறுவனங்கள் உண்டு. தளர்வு ஏப்ரல் இறுதிவரை என்று முதலில் சொல்லப்பட்டு, பின்னர் ஜூலை இறுதி, டிசம்பர் இறுதி என்று நீட்டிக்கப்பட்டது. கடைசியில் 2020 நவம்பர் 5 அன்று வெளியான புதிய நெறிமுறைகள் பதிவு, பிணைத்தொகை போன்ற கட்டுப்பாடுகளையே நீக்கின. சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கு 2022 ஜூலையில்தான் 43ஏ என்ற விதி சேர்க்கப்பட்டு, அதிகபட்சம் பாதிப் பேர் ஓராண்டு வரை வீட்டிலிருந்து பணி செய்யலாம் என்று ஆனது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த வரம்பு அனைத்து ஊழியர்களுக்கும் என்று விரிக்கப்பட்டு, 2023 இறுதிவரையும், பிறகு 2024 இறுதிவரையும் நீட்டிக்கப்பட்டது. வேலை முதலில் நடந்தது. விதி பின்னால் வந்து சேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் 'முடியவே முடியாது' என்று சொல்லப்பட்ட ஒன்று, தேவை வந்தபோது முடிந்தது என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

எங்கள் வேலையின் கருவிகளும் அதே வேகத்தில் மாறின. 2019 டிசம்பரில் ஜூம் செயலியில் ஒரு நாளில் கூட்டங்களில் சேர்வோர் சுமார் 1 கோடி. 2020 ஏப்ரலில் அது 30 கோடி. மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் செயலியை அன்றாடம் பயன்படுத்துவோர் 2020 மார்ச்சில் 4.4 கோடியாக இருந்து அடுத்த மாதமே 7.5 கோடியாகினர். அலுவலகத்தில் ஒருவர் இருக்கைக்கு நடந்து சென்று கேட்ட சந்தேகங்கள் எல்லாம் அரட்டைப் பெட்டிக்குள் வந்தன. அன்றைய வேலையைப் பகிர்ந்துகொள்ளும் காலை ஸ்டேண்ட்-அப் கூட்டம் முதல் இரவு அமெரிக்க வாடிக்கையாளரோடு நடக்கும் அழைப்பு வரை எல்லாமே ஒரே நாற்காலியில் நடந்தன.

கடலூர் மாவட்டத்துக்கு அந்த 2020 கோடைக்காலம் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள் வழியாக மே மாதத்தில் தொற்று ஊர் ஊராகப் பரவியது. புதுச்சேரி எல்லையில் முள்ளோடைச் சோதனைச் சாவடியைக் கடப்பதற்கே இ-பாஸ் தேவைப்பட்டது. அதே வாரங்களில்தான் சென்னையிலும் பெங்களூருவிலும் அறையெடுத்துத் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான இளைஞர்கள் மடிக்கணினிப் பையோடு திருப்பாதிரிப்புலியூருக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் வந்து சேர்ந்தார்கள். பண்ருட்டியை ஒட்டிய கிராமங்களில் செல்பேசி அலைவரிசை கிடைக்கும் இடம் தேடி மொட்டை மாடியிலும் முந்திரித் தோப்பின் ஓரத்திலும் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களை நான் அறிவேன். உள்ளூர் கேபிள் இணைப்பு நடத்துவோர் தெருத்தெருவாக ஃபைபர் இழுத்தார்கள். வீட்டில் இன்வெர்ட்டர் என்பது திருமணச் சீர்வரிசையில் வைக்கும் பொருளாக இல்லாமல், வேலைக்கு வேண்டிய கருவியாக ஆனது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைத் தங்கள் நாளிதழில் முதலில் தேடிப் படிக்கும் ஒரு புதிய வாசகர் கூட்டமே அப்போது உருவாயிற்று.

அது சுகமான காலம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு அறை வீட்டில் ஒருவர் அழைப்பில் இருக்க, இன்னொருவர் ஆன்லைன் வகுப்பில் இருக்க, மூன்றாமவர் தொற்றோடு தனிமைப்படுத்தப்பட்டிருந்த வீடுகள் இத்தெருவிலேயே இருந்தன. வேலை நேரத்துக்கு எல்லை என்பதே இல்லாமல் போனது. சென்னையில் கம்பெனிப் பேருந்து ஆறரைக்குக் கிளம்பும் என்பதால் கணினியை மூடியவர்களுக்கு, வீட்டில் மூடச் சொல்ல யாரும் இல்லை. நாற்காலியும் மேசையும் மின்சாரமும் இணையமும் ஊழியரின் செலவாயின. ஒரு சில நிறுவனங்களே அதற்கென ஒரு தொகை கொடுத்தன. கண்காணிப்பும் கூடியது. 2020 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் மென்பொருளில் 'உற்பத்தித்திறன் மதிப்பெண்' என்ற வசதியில் ஊழியர்களின் செயல்பாட்டைப் பெயர் பெயராகக் காட்டியதற்குக் கடும் எதிர்ப்பு எழ, சில நாள்களில் பெயர்களை நீக்க நேர்ந்தது. இந்தக் குறைகள் எல்லாம் உண்மை. ஆனாலும் அந்த ஆண்டுகளில் எங்கள் ஊரில் ஒன்று நடந்தது: கல்லூரி முடித்த கையோடு பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுப் பண்டிகைக்கு மட்டும் எதிர்பார்த்திருந்த வீடுகளில், வேலையும் சம்பளமும் பிள்ளையும் ஒரே இடத்தில் இருந்தார்கள்.

பெண்களுக்கு இது இன்னும் பெரிய மாற்றமாக இருந்தது. திருமணத்துக்குப் பின் கணவரின் ஊர் கடலூராகவோ விருத்தாசலமாகவோ அமைந்துவிட்டால், ஐ.டி. வேலையை விட்டுவிடுவதே எங்கள் பகுதியில் எழுதப்படாத நடைமுறை. என்னோடு பயிற்சி பெற்ற பெண்களில் பலர் முதல் குழந்தைக்குப் பிறகு வேலையில் இல்லை. திறமைக் குறைவால் அவர்கள் போகவில்லை, தூரத்தால் போனார்கள். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியதோடு, பணியின் தன்மை இடங்கொடுத்தால் விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து வேலை செய்ய முதலாளி அனுமதிக்கலாம் என்றும் ஒரு பிரிவைச் சேர்த்தது. அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டிக் கேட்டவர்களிடம் 'உங்கள் பணியின் தன்மை இடங்கொடுக்காது' என்று சொல்வது 2020க்கு முன் எளிதாக இருந்தது. அதே பணியை அதே பெண்கள் வீட்டிலிருந்து முழுமையாகச் செய்து காட்டிய பிறகு அந்தப் பதிலுக்கு அடிப்படை இல்லை. இடைவெளிக்குப் பின் வேலைக்குத் திரும்பிய பெண்கள் சிலரை, செம்மண்டலத்திலும் புதுப்பாளையத்திலும், 2021இல் நான் நேரில் சந்தித்தேன். அவர்களுள் ஒருவர், தன் மாமியாருக்கு இன்சுலின் போட்டுவிட்டு ஒன்பது மணிக்கு லாகின் செய்ய முடிகிற வேலை தனக்கு வாழ்நாளில் கிடைக்கும் என்று எண்ணியதே இல்லை என்றார்.

இந்த நிலை நீடிக்கும் என்று நம்புவதற்கு எங்களுக்குக் காரணங்கள் தரப்பட்டன. நாங்களாகக் கற்பனை செய்துகொள்ளவில்லை. 2025ஆம் ஆண்டுக்குள் எந்த நேரத்திலும் தன் ஊழியர்களில் 25 விழுக்காட்டினர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்ற திட்டத்தை டிசிஎஸ் 2020 ஏப்ரலில் வெளிப்படையாக அறிவித்தது. விரும்புவோர் நிரந்தரமாகவே வீட்டிலிருந்து பணியாற்றலாம் என்று ட்விட்டர் 2020 மே மாதத்தில் சொன்னது. ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் தொலைவிலிருந்து பணியாற்றக்கூடும் என்று ஃபேஸ்புக்கின் தலைவரும் அதே மாதத்தில் கூறினார். நம் மாநிலத்திலேயே, 2011 முதல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்திவந்த ஜோஹோ நிறுவனம், பெருந்தொற்றின்போது கிராமப்புறங்களிலும் சிறு நகரங்களிலும் சிறிய அலுவலகங்களைத் திறந்தது. இந்த அறிவிப்புகளைத் தங்களைப் போன்ற நாளிதழ்கள் முதல் பக்கத்தில் வெளியிட்டன. அவற்றைப் படித்த குடும்பங்கள் அதை நம்பி முடிவெடுத்தன: சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்தார்கள், பிள்ளைகளைக் கடலூர்ப் பள்ளிகளில் சேர்த்தார்கள், வங்கிக் கடன் வாங்கி இங்கே வீடு கட்டினார்கள்.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்ததே. ட்விட்டர் கைமாறிய சில நாள்களிலேயே, 2022 நவம்பரில், அந்த வாக்குறுதி நீங்கியது. வீட்டிலிருந்து பணி என்பதற்கே அடையாளமாகிப்போன ஜூம் நிறுவனம் 2023 ஆகஸ்டில், அலுவலகத்துக்கு 50 மைல் தொலைவுக்குள் வசிக்கும் ஊழியர்கள் வாரம் இரண்டு நாள் நேரில் வர வேண்டும் என்றது. 2023 அக்டோபர் முதல் டிசிஎஸ் ஊழியர்கள் வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்று ஆனது. அடுத்த ஆண்டில் ஊதியத்தின் மாறும் பகுதியே வருகைப் பதிவோடு இணைக்கப்பட்டது. அமேசான் 2025 ஜனவரி முதல் ஐந்து நாள் முறைக்குத் திரும்பியது. இன்ஃபோசிஸ் 2025 மார்ச் முதல் குறிப்பிட்ட நிலைகளில் உள்ள ஊழியர்கள் மாதத்தில் குறைந்தது பத்து நாள் நேரில் வர வேண்டும் என்றது. ஒவ்வொரு நிறுவனமும் கூட்டு முயற்சி, பண்பாடு, புதுமை என்று காரணம் கூறியது.

அந்தக் காரணங்களை நான் பொய் என்று தள்ளவில்லை. ஆனால் அவை எப்போது முன்வைக்கப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். 2022 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தை விட்டு விலகியோர் விகிதம் 27.7 விழுக்காடு. ஆள் கிடைப்பதே அரிதாக இருந்த அந்நாளில், நேர்காணலில் 'எந்த ஊரில் இருந்து வேலை பார்க்க விரும்புகிறீர்கள்' என்று நிறுவனமே கேட்டது. 2023இல் வாடிக்கையாளர்கள் செலவைக் குறைத்தார்கள், புதிய ஆள்சேர்ப்பு சுருங்கியது. 2023–24 நிதியாண்டில் டிசிஎஸ் நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கையே 13,249 குறைந்தது. பண்பாடும் கூட்டு முயற்சியும் 2021இலும் தேவைப்பட்டவைதாம். இடையில் மாறியது பேரம் பேசும் வலு. சந்தை ஊழியர் பக்கம் சாய்ந்தபோது கிடைத்த உரிமை, சந்தை மறுபக்கம் சாய்ந்தபோது போயிற்று. எழுத்தில் இல்லாத எதுவும் அப்படித்தான் போகும்.

வீட்டிலிருந்து செய்யும் வேலையின் தரம் பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் நம் ஊடக விவாதங்களில் அவை பேசப்படுவதில்லை என்பது என் வருத்தம். பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய குழுவினரும் பெருந்தொற்றுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே சீனாவின் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் அழைப்பு மைய ஊழியர்களிடம் ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்பாடு 13 விழுக்காடு உயர்ந்தது. வேலையை விட்டு விலகியோர் பாதியாகக் குறைந்தார்கள். ஆனால் அதே சோதனையின் முடிவில், தனிமை தாளாமல் அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்ப விரும்பினார்கள் என்பதும், செயல்பாட்டோடு ஒப்பிட்டால் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. அதே நிறுவனத்தில், பெருந்தொற்றுக் காலத்தில், 1,612 ஊழியர்களிடம் நடத்தப்பட்ட இன்னொரு சோதனையின் முடிவுகள் 2024இல் நேச்சர் இதழில் வெளிவந்தன. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களுக்கும் ஐந்து நாளும் அலுவலகம் வந்தவர்களுக்கும் செயல்பாட்டு மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ வேறுபாடு இல்லை. விலகல் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சோதனைக்கு முன் இம்முறையால் உற்பத்தித்திறன் 2.6 விழுக்காடு குறையும் என்று கணித்த மேலாளர்கள், சோதனைக்குப் பின் அது 1 விழுக்காடு உயரும் என்று தங்கள் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வில் மிக முக்கியமான செய்தி இதுதான். மேலாளரின் அச்சமும் நடந்த வேலையும் ஒன்றல்ல. 2022இல் மைக்ரோசாஃப்ட் நடத்திய கணக்கெடுப்பிலும், சில நாள் வீடு, சில நாள் அலுவலகம் என்ற கலப்பு முறையில் ஊழியர்கள் சரியாக உழைக்கிறார்கள் என்று நம்புவது கடினமாகிவிட்டதாக 85 விழுக்காடு தலைமைப் பொறுப்பாளர்கள் சொன்னார்கள். ஊழியர்களில் 87 விழுக்காட்டினர் தாங்கள் நன்றாக வேலை செய்வதாகச் சொன்னார்கள்.

மறுபக்கமும் ஆய்வுகள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 61,182 அமெரிக்க ஊழியர்களின் 2020 முதல் பாதித் தகவல் தொடர்புகளை ஆராய்ந்தபோது, எல்லோரும் வீட்டுக்குப் போனபின் ஒவ்வொரு குழுவும் தனக்குள் சுருங்கியதும், பிற குழுக்களோடு கூடிப் பணியாற்றும் நேரம் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்ததும் தெரியவந்தது. பெரிய அமெரிக்க நிறுவனம் ஒன்றின் மென்பொருள் பொறியாளர்களைப் பற்றிய இன்னோர் ஆய்வு, தங்கள் குழுவோடு ஒரே கட்டடத்தில் அமர்ந்தவர்களுக்கே, அதிலும் இளையவர்களுக்கும் பெண்களுக்கும், தங்கள் நிரல் பற்றிய திருத்தக் குறிப்புகள் அதிகம் கிடைத்தன என்று காட்டுகிறது. இதை நான் என் பணியிலும் பார்க்கிறேன். 2020இலும் 2021இலும் சேர்ந்த புதியவர்கள் பலர், கூரியரில் வந்த மடிக்கணினியைத் திறந்து, ஒரு முகத்தையும் நேரில் காணாமல் வேலையைத் தொடங்கினார்கள். ஒரு பிழையை எப்படித் தேடுவது என்பதை அருகில் அமர்ந்திருப்பவரின் திரையைப் பார்த்துக் கற்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லாமல் போனது. ஆகவே முதல் ஓராண்டோ ஈராண்டோ அலுவலகத்தில் இருந்து கற்பது நல்லது என்பதே என் கருத்து. கலப்பு முறையே பெரும்பாலோருக்குப் பொருத்தமாக இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கடலூரில் இருப்பவருக்குக் 'கலப்பு முறை' என்ற சொல்லின் பொருள் சென்னையில் இருப்பவருக்கு உள்ளதைப் போன்றதன்று. வேளச்சேரியிலோ தாம்பரத்திலோ வசிப்பவர் வாரம் இரண்டு நாள் அலுவலகம் போய் வருவார். இங்கிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர். வாரம் இரண்டு நாள் என்றாலும் சென்னையில் ஓர் இருப்பிடம் வேண்டும், அதற்கு மாத வாடகையும் முன்பணமும் வேண்டும். 'மாதத்தில் பத்து நாள்' என்பதை ஒரே தொடர்ச்சியாகச் செய்ய அனுமதித்தால் குடும்பம் சமாளிக்கும். வாரத்துக்கு இத்தனை நாள் என்று சிதறடித்தால் சமாளிக்க முடியாது. இந்த வேறுபாட்டை எந்தச் சுற்றறிக்கையும் கவனிப்பதில்லை. குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து பணியாற்றிய ஒரு தோழி, மூன்று வார அவகாசத்தில் அலுவலகம் திரும்ப வேண்டும் என்ற மின்னஞ்சல் வந்தபோது, பள்ளி ஆண்டு முடியும் வரையாவது பொறுக்குமாறு கேட்டார். மறுக்கப்பட்டது. அவர் விலகினார். வேலையில் அவர்மீது ஒரு குறையும் சொல்லப்படவில்லை. நல்ல மதிப்பீடு பெற்ற ஆண்டு அது.

இங்கேதான் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த மகப்பேறு நலச் சட்டத்தின் பிரிவு 'அனுமதிக்கலாம்' என்றுதான் சொன்னது, முடிவு முதலாளியுடையதாகவே இருந்தது. சேவைத் துறைக்கென மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2020 டிசம்பர் இறுதியில் வெளியிட்ட மாதிரி நிலையாணை (நிறுவனங்களின் பணி விதிகளுக்கான முன்மாதிரி) வரைவிலும் வீட்டிலிருந்து பணி செய்வது முதன்முறையாக இடம்பெற்றது. ஆனால் அதிலும் நியமன நிபந்தனைகளுக்கோ உடன்பாட்டுக்கோ உட்பட்டு, முதலாளி தீர்மானிக்கும் காலத்துக்கு அனுமதிக்கலாம் என்றே எழுதப்பட்டிருந்தது. அந்த 'நியமன நிபந்தனை' என்ற சொற்களைத்தான் நான் பற்றிக்கொள்கிறேன். ஊதியம், வேலை நேரம், விடுப்பு போன்றவற்றை மாற்றுமுன் தொழிலாளருக்கு 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற நெறியை 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டமே வகுத்தது. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைத்து அச்சட்டத்தின் கீழ் தீர்வு தேடலாம் என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. அந்தக் காலத்தில் பணியிடம் என்பது ஆலையின் வாயிலுக்குள் இருந்ததால் அதைத் தனியே எழுதும் தேவை எழவில்லை. இன்று எழுந்திருக்கிறது. போர்ச்சுகல் 2021இல் இயற்றிய சட்டம், தொலைவிலிருந்து பணி செய்வதற்கு எழுத்து உடன்பாட்டைக் கோருகிறது. கூடுதல் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்கிறது. ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், பணியில் சேரும் முதல் நாளிலிருந்தே நெகிழ்வான பணிமுறை கேட்டு விண்ணப்பிக்கலாம். நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் கலந்து பேசி முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் சட்டம் ஏற்கும் காரணத்தைக் காட்ட வேண்டும். அங்கெல்லாம் தொழில் நின்றுவிடவில்லை. நம் நாடாளுமன்றத்தில் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமைக்காக 2018இல் சுப்ரியா சுலே கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

நான் கேட்பது நிரந்தரமாக வீட்டில் அமரும் உரிமையை அன்று. நியமனக் கடிதத்தில் பணியிடம் தெளிவாக எழுதப்பட வேண்டும்: அலுவலகம் என்றால் எந்த ஊர் அலுவலகம், வீடு என்றால் எந்த ஊர் வீடு, கலப்பு என்றால் வாரக் கணக்கா மாதக் கணக்கா, எத்தனை நாள். முழுநேரமும் அலுவலகம் என்று எழுதும் நிறுவனம் அப்படியே எழுதட்டும். சேருபவர் தெரிந்து சேருவார். ஒருமுறை தொலைநிலைப் பணி என்று எழுதிவிட்டால், அதை மாற்றக் குறைந்தது மூன்று மாத முன்னறிவிப்பும், எழுத்தில் காரணமும் தர வேண்டும். சிறு குழந்தையோ படுத்த படுக்கையான பெற்றோரோ உள்ளவருக்குப் பள்ளி ஆண்டு முடியும் வரை அவகாசம் வேண்டும். மாற்றத்தை ஏற்க இயலாமல் விலகுபவரைத் தானாக விலகியவராகக் கருதி அவரிடமே அறிவிப்புக் கால ஊதியத்தைப் பிடித்தம் செய்வது நிற்க வேண்டும். வீட்டிலிருந்து பணி செய்யும் காலத்தில் மின்சாரம், இணையம் ஆகியவற்றுக்கான தொகையும், எந்த வகைக் கண்காணிப்பு மென்பொருள் கணினியில் இயங்குகிறது என்ற தகவலும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். வீடு எப்போதும் வேலைக்கு ஏற்ற இடமன்று. அதிலும் எங்கள் கடற்கரையில். 2020 நவம்பரில் நிவர் புயலும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தன. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரின் பல குடியிருப்புகள் மூழ்கின. அந்நாள்களில் இங்கிருந்து யாரால் லாகின் செய்ய முடியும்? ஜெனரேட்டரும் இரண்டு வழித்தட இணையமும் உள்ள ஒரு பொதுப் பணிக்கூடம் மாவட்டத் தலைநகரில் இருந்தால், நிறுவனங்கள் கூறும் தரவுப் பாதுகாப்புக் காரணத்துக்கும் அது விடையாகும். 2024 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் திருச்சிற்றம்பலத்தில் திறக்கப்பட்ட டைடல் நியோ தகவல் தொழில்நுட்பப் பூங்கா நல்ல தொடக்கம். ஆனால் அது புதுச்சேரிக்கு அப்பால் இருக்கிறது. கடலூர்க்காரர் ஒரு யூனியன் பிரதேசத்தையே குறுக்கே கடந்து அங்கே போக வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் அருகருகே உள்ள பகுதியில் அரசுக் கட்டடம் ஒன்றில் சில தளங்களை இதற்கு ஒதுக்கினால் புதுச்சேரியின் பாகூர், கிருமாம்பாக்கம் பகுதியினருக்கும் பயன்படும்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், இரு பகுதிகளிலும் உள்ள தனியார் பொறியியல் கல்லூரிகளிலும் ஆண்டுதோறும் வளாகத் தேர்வுகள் நடக்கின்றன. அங்கு தரப்படும் பணி வாய்ப்புக் கடிதங்களில் பெரும்பாலும் 'நிறுவனத்தின் எந்தக் கிளைக்கும், எப்போது வேண்டுமானாலும் மாற்றப்படலாம்' என்ற ஒரு வரிதான் இருக்கிறது. தமிழ்நாடு, புதுச்சேரி அரசுகளின் தொழிலாளர் துறைகள் நிறுவனங்களையும் ஊழியர் சங்கங்களையும் கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலர்களையும் அழைத்துப் பேசி, மேலே சொன்ன விவரங்கள் அடங்கிய மாதிரிக் கடிதம் ஒன்றை அடுத்த வளாகத் தேர்வுப் பருவத்துக்கு முன் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சட்டம் வரும்வரை அதைக் கட்டாயமாக்க இயலாமல் போகலாம். ஆனால் கல்லூரிகள் அந்த மாதிரியைப் பின்பற்றும் நிறுவனங்களுக்கு வளாகத்தில் முதல் நாளை ஒதுக்க முடியும். அது அவர்கள் கையில் இருக்கிறது.

நிறுவனத்தில் பணியாற்றிவருவதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மென்பொருள் சோதனைப் பொறியாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.